புகையைத் தண்ணீரில் கழுவினால் கரி எங்கே போகிறது?

தம்பலகாமத்திலிருந்து நீங்கள் கேட்டதை ஒருமுறை என் சொற்களில் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு நெல் ஆலை இருக்கிறது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் கொடியில் காயும் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையில் கரும்பொட்டு விழுகிறது. அயலவர்கள் சேர்ந்து முறையிட்ட பிறகு ஆலைக்காரர் புகைபோக்கியின் அடியில் ஒரு பெரிய இரும்புத் தொட்டியைப் பூட்டி, இனிப் புகையைத் தண்ணீரில் கழுவித்தான் வெளியே விடுவோம் என்று சொல்லியிருக்கிறார். இப்போது கறுப்புப் புகைக்குப் பதிலாக முன்னையிலும் தடித்த வெள்ளைப் புகை வருகிறது. இது நஞ்சா, புகையைத் தண்ணீரால் கழுவத்தான் முடியுமா, அல்லது உங்களை ஏய்க்கிறார்களா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: நேற்றுவரை சட்டையில் விழுந்த கரி இன்று எங்கே போகிறது?

நான் திருகோணமலையில் பிறந்து இரசாயனப் பொறியியல் படித்தவன். வளைகுடா நாடுகளிலும் பிறகு இங்கேயுமாக இருபத்தைந்து வருடங்கள், ஸ்கிரபர் எனப்படும் இந்தக் கழுவுதொட்டிகளை ஓட்டியும் திறந்து பழுதுபார்த்தும் காலம் தள்ளியிருக்கிறேன். உங்கள் ஆலையை நேரில் பார்த்ததில்லை. நீங்கள் இணைத்திருக்கும் கைபேசிப் படம் ஒன்றுதான் என் கையில் இருக்கிறது. ஆகவே தண்ணீரும் தூசியும் எப்படி நடந்துகொள்ளும் என்று நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வது ஊகம். ஊகம் வருமிடத்தில் ஊகம் என்றே எழுதுகிறேன்.

வெள்ளைப் புகையிலிருந்து தொடங்கலாம், அதுதான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது. பொயிலரிலிருந்து வரும் புகை ஏறத்தாழ 150 முதல் 200 பாகை வரை சூடாக இருக்கும். அது தண்ணீரைச் சந்தித்ததும் தண்ணீரின் ஒரு பகுதி ஆவியாகிப் புகையோடு சேர்ந்துகொள்ளும். புகை 60 பாகை அளவுக்குக் குளிர்ந்து, ஈரம் நிறைந்து வெளியே வரும். வெளிக்காற்றில் பட்டவுடன் அந்த ஈரம் நுண்துளிகளாகிறது. சோற்றுப்பானையின் மூடியைத் திறந்ததும் எழும் வெண்மை எதுவோ அதுவே இதுவும். வெண்மை என்பதற்காக நஞ்சு என்று சொல்ல முடியாது. சுத்தம் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த வெண்மை தன் பின்னால் இருப்பதை மறைத்துவிடுகிறது. இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. வெள்ளைப் புகை முடிகிற இடத்தைப் பாருங்கள். நீராவி என்றால் வெட்டிவிட்டதுபோல் ஓரிடத்தில் மறைந்துவிடும். அதற்கு அப்பாலும் நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு மெல்லிய கோடு காற்றில் இழுபட்டுக்கொண்டே போனால் அதுதான் உண்மையான புகை, கழுவலில் தப்பியது. காலையில் பார்க்காதீர்கள், பனி ஈரத்தில் நீராவியே வெகுதூரம் நீளும். கச்சான் காலத்தில் நடுப்பகலில் பாருங்கள்; அந்த வறண்ட காற்றில் நீராவி சீக்கிரம் தீர்ந்துபோகும், மிச்சம் தெரியும்.

இதோடு சேர்ந்த ஒரு பக்கவிளைவைப் பலரும் சொல்வதில்லை. சூடான புகை மேலே எழுந்து தூரப் போய்க் கலையும். கழுவிக் குளிர்ந்த புகைக்கு அந்த எழுச்சி குறைவு. இலண்டனில் 1933 இல் இயங்கத் தொடங்கிய பாட்டர்சீ அனல்மின் நிலையத்தில் தேம்ஸ் ஆற்று நீரால் புகையைக் கழுவினார்கள். கந்தகம் பெருமளவு குறைந்தது. ஆனால் குளிர்ந்த புகை சில நாட்களில் அக்கம்பக்கத்திலேயே தாழ்ந்து இறங்கியது. உங்களுக்கும் மதிலுக்கு அருகே ஈரவாடை கூடியதுபோல் தோன்றினால் அது மனப்பிரமையாக இருக்க வேண்டியதில்லை.

கழுவ முடியுமா என்றால், முடியும். வாசலைக் கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளிப்பது எதற்கு? தூசி எழும்பாமல் இருக்கத்தானே. ஸ்கிரபர் செய்வதும் அதையேதான், பறந்துகொண்டிருக்கும் தூசிக்கு. ஆனால் எல்லாத் தூசியும் ஒரேமாதிரி அகப்படாது. மாலையில் சைக்கிளில் போகும்போது வண்டு வந்து கண்ணில் மோதும். முன்னால் போகிறவரின் பீடிப்புகையோ முகத்தைச் சுற்றி வழுகிப் போய்விடும். வண்டுக்குக் கனம் உண்டு, காற்று வளைந்தாலும் அதனால் சட்டென்று வளைய முடியாது. புகைத்துகளுக்குக் கனம் இல்லை, காற்று போகிற வழியே போகும். தண்ணீர்த் துளியின் முன்னாலும் இதுதான் நடக்கிறது. மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 மைக்ரோனுக்கு மேற்பட்ட துகள்களைச் சாதாரணத் தூவல் தொட்டியே பிடித்துவிடும். ஒரு மைக்ரோனுக்குக் கீழே, பத்தில் ஒரு பங்கு மைக்ரோன் வரை உள்ளவைதான் பெரிய கள்ளர்கள். அதற்கும் சிறியவை காற்றில் தள்ளாடித் தள்ளாடித் துளியில் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். இந்த நடுவளவுக்காரரைப் பிடிக்க வேண்டுமென்றால் வெஞ்சுரி என்ற வகை வேண்டும்: புகையை ஓர் ஒடுங்கிய கழுத்து வழியாக வினாடிக்கு 60 முதல் 120 மீற்றர் வேகத்தில் பாய்ச்சி, அந்த இடத்தில் தண்ணீரைச் சிதறடிப்பார்கள். அதற்குப் பெரிய மின்விசிறி வேண்டும், மாதா மாதம் பெரிய மின்கட்டணம் வரும். உங்கள் படத்தில் இருக்கும் தொட்டியின் பருமனையும் விசிறியின் அளவையும் பார்த்தால் அது சாதாரணத் தூவல் தொட்டி என்றே படுகிறது. இது ஊகம்.

அந்த ஊகம் சரியானால் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் ஒரு கசப்பான செய்தியும் உண்டு. சீருடையில் கண்ணுக்குத் தெரிந்த பொட்டு ஐம்பது மைக்ரோனாவது இருக்கும், அதாவது தலைமயிரின் தடிப்புக்குக் கிட்டத்தட்ட. அது அநேகமாக நின்றுவிடும். ஆனால் நுரையீரலின் அடிவரை இறங்குவது 2.5 மைக்ரோனுக்குக் கீழ்ப்பட்ட தூசி. அது கொடியில் விழுவதுமில்லை, சாதாரணத் தொட்டியில் முழுமையாக அகப்படுவதுமில்லை. சட்டை வெளுத்துவிட்டது என்பதற்காக நெஞ்சும் தப்பிவிட்டது என்று எண்ண வேண்டாம். மகளுக்கு இழுப்பு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் இந்தப் புகைக்கும் தொடர்பு உண்டா என்று நான் சொல்லக் கூடாது, அது வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டியது. எந்தெந்த நாட்களில் இழுப்பு வந்தது, அன்று காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று ஒரு கொப்பியில் குறித்து வைத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அவருக்கு உதவும்.

வாயுக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உமியில் கந்தகம் மிகக் குறைவு, ஆகவே உமி மட்டும் எரிக்கும் ஆலைக்கு வெறும் தண்ணீர் போதும். உலை எண்ணெய் எரித்தால் கந்தக டைஒக்சைட்டுக்காகத் தண்ணீரில் சுண்ணாம்போ சோடாக்காரமோ சேர்க்க வேண்டும். பழைய டயர், பிளாஸ்டிக் எரித்தால் கதையே வேறு; பிவிசி எரிந்தால் வரும் ஐதரசன் குளோரைட்டு தண்ணீரில் கரைந்து அமிலமாகித் தொட்டியையே தின்றுவிடும். இரவில் ரப்பர் எரியும் நாற்றம் வந்தால் முறைப்பாட்டில் அதைத் தனியாக எழுதுங்கள்.

இனி, கழுவிய அழுக்கு எங்கே போகிறது என்பதற்கு வருகிறேன். இது இந்தத் தொழில் பிறந்த நாளிலிருந்தே கூட வருகிற சிக்கல். இங்கிலாந்தில் சலவைச் சோடா செய்யும் தொழிற்சாலைகள் ஐதரசன் குளோரைட்டு வாயுவை ஊருக்குள் விட்டுப் பயிரையும் மரத்தையும் கருக்கிக்கொண்டிருந்த காலம். 1836 இல் வில்லியம் கொசேஜ் என்ற தொழிலதிபர், கைவிடப்பட்ட ஒரு காற்றாலைக் கோபுரத்துக்குள் சுள்ளியும் விறகுமாக நிரப்பி, மேலிருந்து தண்ணீரை வடியவிட்டு, கீழிருந்து வாயுவை ஏற்றினார். வாயு முழுக்கத் தண்ணீரில் கரைந்துபோனது. இன்று நாங்கள் பிளாஸ்டிக் வளையங்களை நிரப்பிக் கட்டும் கோபுரங்கள் எல்லாம் அந்தச் சுள்ளிக் கோபுரத்தின் பேரப்பிள்ளைகள். 1863 இல் வந்த சட்டம் அந்த வாயுவில் 95 வீதத்தைப் பிடித்தே ஆக வேண்டும் என்றது, பிடித்தார்கள். பிடித்த அமிலத்தை என்ன செய்தார்கள்? பலர் ஆற்றில் ஊற்றினார்கள். மரம் பிழைத்தது, மீன் செத்தது. அந்த அமிலத்திலிருந்து குளோரின் எடுத்துத் துணி வெளுக்கும் தூள் செய்து விற்கலாம் என்று ஆன பிறகுதான் ஆற்றில் ஊற்றுவது நட்டமாகத் தெரிந்தது.

நம் துறைமுகத்தை நோக்கி வரும் கப்பல்களிலும் இன்று இதே கதைதான். 2020 சனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.5 வீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச விதி; அதற்கு முன் 3.5 வீதம்வரை விட்டார்கள். விலை குறைந்த பழைய எண்ணெயையே எரிக்க விரும்பும் கப்பல் ஸ்கிரபர் பூட்டிக்கொள்ளலாம். கடல்நீருக்கு இயல்பாகவே காரத்தன்மை உண்டு, அது கந்தக டைஒக்சைட்டை வாங்கிச் சல்பேட்டாக்கிவிடும். சல்பேட்டு கடலில் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. இதுவரை நியாயம். ஆனால் கழுவிய நீரோடு கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் உலோகங்களும் சேர்ந்து கடலுக்குள் போகின்றன. அதனால்தான் சிங்கப்பூர் போன்ற துறைமுகங்கள் தங்கள் எல்லைக்குள் அந்த நீரை வெளியேற்றத் தடை போட்டிருக்கின்றன. திறந்த பெருங்கடலில் கரைந்து போவது, மூன்று பக்கமும் மூடிய குடாவுக்குள் அவ்வளவு இலகுவாகக் கரையாது.

உங்கள் ஆலைக் கணக்கு இதைவிட எளிது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி, எரித்த உமியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். நாளுக்கு பத்துத் தொன் நெல் குற்றி, கிடைத்த உமி முழுவதையும் எரித்தால் சாம்பல் சுமார் 400 கிலோ. பெரும்பகுதி அடுப்பின் அடியிலேயே தங்கும். பறக்கிறதுதான் தொட்டிக்கு வரும். அந்தச் சாம்பலில் 85 வீதத்துக்கு மேல் சிலிக்கா, மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அந்தப் பொருள். உமிக்கரியால் பல் விளக்கிய தலைமுறையில் நான் கடைசி ஆள். அந்தக் கரகரப்பு ஞாபகமிருக்கிறவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். பல்லைத் தேய்த்தது போலவே பம்பின் சுழலியையும் தூவிகளின் துளைகளையும் தேய்க்கும். தொட்டியில் முதலில் மிதக்கும், பிறகு மெல்ல மெல்ல ஊறி அடியில் கறுப்புக் கூழாய்ப் படியும். கூழை அள்ளாமல் விட்டால் இறுகும்.

எப்படி இறுகும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வேலைசெய்த ஓரிடத்தில் தொட்டி ஒழுங்காக ஓடுவதாக மூன்று மாதங்களாகப் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். பம்ப் ஓடியது, அழுத்தமானியின் முள் அதே இடத்தில் நின்றது. முள் மூன்று மாதம் அசையாமல் நிற்கிறது என்பதே எனக்கு உறுத்தியது. நிறுத்தி, மூடியைத் திறந்து, விளக்கைப் பிடித்தேன். பன்னிரண்டு தூவிகளில் ஒன்பது அடைபட்டிருந்தன. அழுத்தமானிக்குப் போகும் சின்னக் குழாயும் சாம்பல் ஏறி அடைத்துக் கிடந்தது. முள் எதையும் அளக்கவில்லை. அடியில் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் கெட்டியாகியிருந்தது, அலவாங்கு போட்டு உடைத்தோம். மூன்று மாதமும் புகை தண்ணீரைத் தொடாமல் ஒரு பக்கமாக ஏறிப் போயிருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் புகைபோக்கி ஈரமாகத்தான் இருந்தது, வெள்ளையாகத்தான் புகைத்தது. தொட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகும் பரிசோதனையை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை. நம் பகுதியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கரையோரக் கிணறுகளில் உவர்நீர் ஏறியிருந்தால், அந்த உப்பு சாதாரண இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும். மலிவான துருவேறா உருக்கிலும் குழி விழுத்தும்.

தண்ணீர்ச் செலவையும் பாருங்கள். மணிக்கு 10,000 கன மீற்றர் சூடான புகையை 180 பாகையிலிருந்து 60 பாகைக்குக் குளிர்வித்தால், ஆவியாகிப் போவது மட்டும் மணிக்குச் சுமார் 400 லீற்றர். இது நானே போட்ட கணக்கு, ஆலைக்கு ஆலை மாறும். ஆகவே நல்ல தொட்டியில் மிஞ்சிய தண்ணீரை ஓடவிட மாட்டார்கள். படிவுத் தொட்டிகள் இரண்டு மூன்றைக் கட்டி, கரியை அடியில் இறக்கி, தெளிந்த நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவார்கள். அப்படிச் சுற்றினாலும் உப்பும் நுண்சாம்பலும் ஏறிக்கொண்டே வருவதால் இடையிடையே கொஞ்சத்தைக் கழித்தே ஆக வேண்டும். தண்ணீரை மிச்சம்பிடிக்க நெல் ஊறவைத்த நீரையே ஸ்கிரபருக்குள் விடும் கெட்டிக்காரரையும் கண்டிருக்கிறேன். ஊறல் நீர் புளித்து நாறுவது ஊரறிந்தது. அதைச் சூடான புகையில் தூவினால் நாற்றம் புகைபோக்கி வழியாக ஊர்வலம் போகும்.

என்னைக் கேட்டால், உமிச்சாம்பலுக்கு முதல் மருந்து தண்ணீரே இல்லை. ஈர உமியை அள்ளிப் போட்டு, காற்றுப் போதாமல் எரிப்பதால்தான் பாதிக் கரும்புகை வருகிறது. அடுப்பைச் சரிசெய்தால் அது குறையும். அடுத்து ஒரு சைக்கிளோன் பூட்டலாம். புகையைச் சுழற்றி, பருமனான சாம்பலை உலர்ந்தபடியே கீழே கொட்டும் கூம்பு அது. தண்ணீரும் வேண்டாம், கூழும் வராது. உலர்ந்த சாம்பலைச் செங்கல் சூளைக்கும் வயலுக்கும் கொடுக்கலாம். அதையும் தாண்டிப் போகிற நுண்தூசிக்குத்தான் ஸ்கிரபரோ பை வடிகட்டியோ. இங்கே என் சகதொழிலாளர் சிலர் முரண்படுவார்கள்: பைகளில் தீப்பொறி விழுந்தால் எரிந்துபோகும், சிறிய ஆலைக்குத் தண்ணீர்தான் பாதுகாப்பு என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. ஆனால் சைக்கிளோன் இல்லாமல் முழுச் சாம்பலையும் தண்ணீரின் தலையில் கட்டுவதை ஒருவரும் ஆதரிக்க மாட்டார்.

நீங்கள் மதிலுக்கு வெளியே நின்றே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றைக் கூரைமேல் ஒரு பகல் வைத்துவிட்டுப் பாருங்கள். காய்ந்த கரும்பொடி இருந்து, ஊதினால் பறந்தால், புகை தண்ணீரைத் தொடாமலே வருகிறது. விளிம்பில் கருவளையம் போட்டுக் காய்ந்த பொட்டுகள் இருந்தால், புகை கழுவப்படுகிறது, ஆனால் தொட்டியின் உச்சியில் இருக்க வேண்டிய துளிதடுப்பான் இல்லை அல்லது சிதைந்திருக்கிறது. அழுக்குத் துளிகளே காற்றில் பறந்து வருகின்றன. தட்டைக் கழுவுமுன் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வீசும் மாதங்களில் இதே சோதனையை ஆலைக்குத் தென்மேற்கே குடியிருப்பவர்கள் செய்ய வேண்டியிருக்கும், உங்கள் தட்டு அப்போது சுத்தமாகவே இருக்கும்.

முறையிடப் போகும்போது, புகை வருகிறது என்று மட்டும் எழுதாதீர்கள். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இப்படிப்பட்ட ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். அது காற்றில் விடுவதையும் நீரில் விடுவதையும் சேர்த்தே பேசுகிறது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமோ பிரதேச சபையிடமோ போய், தொட்டி பூட்டிய பிறகு அனுமதிப்பத்திர நிபந்தனைகள் திருத்தப்பட்டனவா, கழிவுநீர் எங்கே விடப்படுகிறது, கரிக்கூழை யார் எங்கே கொட்டுகிறார்கள், புகைபோக்கியில் தூசி எப்போது அளக்கப்பட்டது என்று நான்கு கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். ஆலைக்காரரை எதிரியாக வைத்துப் பேச வேண்டியதில்லை. அவர் காசு செலவழித்திருக்கிறார். தொட்டி விற்றவர் படிவுத் தொட்டியைப் பற்றி அவரிடம் வாயே திறக்காமல் போயிருக்கவும் கூடும்.

கடைசியாக உங்கள் படத்தைப் பற்றி. பெரிதாக்கிப் பார்த்தேன். தொட்டியின் அடியிலிருந்து ஒரு சாம்பல் நிற பிவிசி குழாய் மதிலின் ஓட்டை வழியாகப் பின்பக்கம் போகிறது. படிவுத் தொட்டி எதையும் படத்தில் காணவில்லை, மதிலுக்கு உள்ளே வேறு பக்கத்தில் இருக்கலாம். உங்கள் பக்கத்து வயல் வாய்க்கால்கள் கடைசியில் தம்பலகாமக் குடாவில்தான் விழுகின்றன. ஆலை ஓடும் ஒரு பகலில் பின்பக்கமாகப் போய், அந்தக் குழாயின் மறுமுனை எங்கே இருக்கிறது, அதிலிருந்து வரும் தண்ணீர் என்ன நிறம் என்று பார்த்து எழுதுங்கள். மிச்சத்தை அதற்குப் பிறகு பேசலாம்.